எல்லாரும் பதிலளித்துவிட்டார்கள்

1

செப்டம்பர் 3, புதன்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். எட்டாம் வகுப்புக்குக் கணினி அறையில் வினாடி வினா நடத்தினேன். முதல் கேள்வி முடிந்ததும் திரையில் ‘எல்லாரும் பதிலளித்துவிட்டார்கள்’ என்று வந்தது. நானும் வகுப்பைப் பார்த்து, “எல்லாரும் பதில் சொல்லிட்டீங்க, சூப்பர்” என்றேன். அது உண்மையில்லை.

குறிப்பை இங்கேயே முடித்திருக்கலாம். மாலை வகுப்பில் எங்களிடம் கேட்டது இவ்வளவுதான்.

2

இது கதையாக எழுத ஆரம்பித்தது அல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு. பெயர் பிரகதீஸ்வரி. மன்னார்குடிக்குக் கிழக்கே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறேன். பகலில் அங்கே ‘பிரகதி மிஸ்’. மாலையில் கல்லூரிக்குத் திரும்பி, வகுப்பறையில் இணையக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிய பாடத்துக்கு மாணவியாக உட்காருகிறேன். அந்தப் பாடத்துக்காக எங்கள் குழுவுக்குப் பொதுவாக ஓர் இணைய ஆவணம் இருக்கிறது. ஒவ்வொருவரும் அதில் தங்கள் பக்கத்தில் மூன்று தலைப்புகளில் எழுத வேண்டும். என்ன கருவி. என்ன நடந்தது. என்ன கற்றேன். யாருடைய பக்கத்தையும் யாரும் படிக்கலாம், ஓரத்தில் குறிப்பு எழுதலாம்.

முதல் தலைப்பை ஒரே வரியில் முடித்தேன். இரண்டாவது தலைப்பு முடியவே மாட்டேன் என்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது முழுக்க அந்த இரண்டாவது தலைப்புக்குக் கீழே இருப்பதுதான். மூன்றாவது காலியாக இருக்கிறது.

இன்னொன்றையும் இப்போதே சொல்ல வேண்டும். பத்தாம் தேதி, புதன்கிழமை, என் கடைசிப் பாடம். கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் மேடம் வந்து பின்னால் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். இணையக் கருவி கட்டாயம். நாற்பது நிமிடத்துக்குள் பாடம் முடிய வேண்டும். எனக்கு ஒழுங்கு பிடிக்கும். பாடத்திட்டத்தில் நிமிடக் கணக்கை நீல மையில் எழுதி, சிவப்பு மையில் சரிபார்ப்பவள் நான். அதனால்தான் இந்தத் தவறு என்னை இவ்வளவு அரிக்கிறது என்று நினைக்கிறேன். (அதனால்தானா? தெரியவில்லை. வாக்கியம் இருக்கட்டும்.)

3

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘காவிரி கடலைத் தேடிப் போகும் வழியில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.’

கூப்பிடாமலே ஆறு வந்துவிட்டது. எங்கள் பள்ளியிலிருந்து பார்த்தால் ஆறு தெரியாது. ஒரு வாய்க்கால் தெரியும். அதில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கும்.

‘இன்றைய கல்விச் சூழலில் தொழில்நுட்பத்தின் பங்கு அளப்பரியது என்பதை நாம் அனைவரும்—’

‘நாம் அனைவரும்’ என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. மறுபடியும் அதே தவறு.

‘கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி, கண்களில் நீர் தளும்ப—’

இது மட்டும் சில நாள் அழியாமல் இருந்தது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

4

நடந்தது இது.

எட்டாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கணினி அறையில் ஓடுகிற கணினிகள் பத்து. ஒன்றுக்கு மூன்று பேர் நெருக்கி உட்காரலாம். மிச்சம் எட்டுப் பேர்.

அந்த எட்டுப் பேர் யார் என்பதை யாரும் திட்டமிட்டு முடிவு செய்யவில்லை. பஸ்தான் முடிவு செய்தது. வாய்க்காலின் கடைசியில் ஓர் ஊர் இருக்கிறது, கடைமடை. தண்ணீரும் அங்கே கடைசியாகத்தான் போகும், பஸ்ஸும் அங்கிருந்து கடைசியாகத்தான் வரும். அவர்கள் மணியடிக்கும் நேரத்தில் வந்து சேர்வதற்குள் முன் பெஞ்சுகள் நிரம்பிவிடும். எனவே கடைசி இரண்டு பெஞ்சுகள் அவர்களுடையவை. ‘கடைமடை பெஞ்ச்’ என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். வகுப்பிலிருந்து கணினி அறைக்கு வரிசையாகப் போகும்போது அந்தப் பெஞ்சுகள்தான் கடைசி.

“நீங்க பின்னாடி நின்னு பாருங்க. அடுத்த ரவுண்டு உங்களுக்கு” என்றேன்.

பாடம் நுண்ணுயிரிகள். முதல் கேள்வி, பாலைத் தயிராக்குவது எது. முப்பது பேரும் பொத்தானை அழுத்தினார்கள். திரையில் அந்த வாக்கியம் வந்தது. திரையிலேயே வண்ணக் காகிதத் துணுக்குகள் பறந்தன. நான் சூப்பர் என்றேன்.

“மிஸ்.”

“சொல்லு ஷிஃபா.”

“நாங்க எல்லாருல இல்லையா?”

வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்ச் தமிழரசன் நாற்காலியைத் திருப்பி, “நீங்கள்லாம் டிக்கெட் எடுக்காம படம் பாக்க வந்தவங்க” என்றான். திரையில் வந்த மதிப்பெண் பட்டியலில் அவன் பெயர்தான் முதலில் இருந்தது. நானும் லேசாகச் சிரித்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து, அடுத்த கேள்விக்குப் போனேன். அடுத்த ரவுண்டு வருவதற்குள் மணியடித்துவிட்டது.

ஷிஃபாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். (இந்தப் பெயர் நான் வைத்தது அல்ல. அதுவும் பிறகு வரும்.) அவள் அத்தா, அதாவது அப்பா, கடைமடையில் ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். வீட்டுக்கு ஒரே கைபேசி, அது கடையில் இருக்கும். நான் இந்தப் பள்ளிக்கு வந்த முதல் நாளிலிருந்து அவள் வாயில் ‘ஏன்’ ஓயாது. ஏன் மிஸ் தயிர் புளிக்குது, பால் புளிக்கறதில்ல? ஏன் மிஸ் மைக்ராஸ்கோப்ப ரூம்ல வெச்சுப் பூட்டியிருக்காங்க? அந்தப் புதன்கிழமைக்கு முந்தின நாள்கூட ஒன்று கேட்டாள்.

“மிஸ், நுண்ணுயிரி நம்ம கண்ணுக்குத் தெரியாதுன்னீங்க. அதுக்கு நம்மளத் தெரியுமா?”

“நாளைக்குச் சொல்றேன்” என்றிருந்தேன்.

அந்த நாளைதான் புதன்கிழமை. நான் சொல்லவில்லை. அவளும் அதற்குப் பிறகு எதையும் கேட்கவில்லை. வியாழக்கிழமை நொதித்தல் நடத்தினேன். தோசை மாவு ஏன் பொங்குகிறது என்று அவள் கேட்பாள் என எதிர்பார்த்துப் பதிலைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாவு பொங்குவதற்கான காரணத்தை யாரும் கேட்காமல் நானே சொன்னேன்.

இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது அந்த ‘ஏன்’ ஒன்றுதான். புதன்கிழமையோடு நான் இந்தப் பள்ளியை விட்டுப் போகிறேன். அதற்குள் அது திரும்பி வர வேண்டும்.

5

இப்போது அந்தக் கண்ணீர்.

வியாழன் மாலை ஆவணத்தில் இப்படி எழுதினேன்: ‘சாஜிதாவின் கண்களில் நீர் தளும்பியது. அவள் தலையைக் குனிந்துகொண்டு விம்மினாள்.’ (அப்போது அவள் பெயர் சாஜிதா.)

எங்கள் குழுவில் ராம்கி என்று ஒருவன். நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்குப் பயிற்சிக்குப் போகிறான். அவன் ஓரத்தில் எழுதியது:

[ராம்கி: அழுதுச்சா?]

[நான்: இல்லை.]

[ராம்கி: அப்புறம் யாரு அழுதா?]

அன்று வகுப்பு முடிந்து பேருந்து நிலையத்தில் டீ குடிக்கும்போது விடாமல் பிடித்துக்கொண்டான்.

“ஏன் பிரகதி, அந்தப் புள்ள உன்னையக் கேள்வி கேட்டுச்சு. நீ அத அழ வெச்சுட்ட. நல்லா இருக்கே உங்க நியாயம்.”

“படிக்கறவங்களுக்கு மனசுல தைக்கணும்ல?”

“உனக்குத் தச்சுச்சுல்ல, அத எழுது. அதுக்கு அந்தப் புள்ளையோட கண்ணு எதுக்கு?”

“டேய், நீ கணக்கு வாத்தியாரு. கதையப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“தெரியாதுதான். ஆனா விடையில இல்லாத ஒண்ண எழுதுனா நாங்க மார்க் போட மாட்டோம்.” டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தான். “அதுகிட்டயே காட்டு. அது சரின்னா சரி.”

அவன் சொன்னது எரிச்சலாக இருந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்தபோது, ஏன் அழ வைத்தேன் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அழுகிற பெண்ணுக்கு நான் ஆறுதல் சொல்லலாம். கேள்வி கேட்கிற பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

(இந்த இரண்டு வாக்கியங்களும் கொஞ்சம் அழகாக விழுந்துவிட்டன. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. வைத்திருக்கிறேன்.)

6

வெள்ளி மீலாது நபி விடுமுறை. சனி, ஞாயிறு. திங்கட்கிழமை ஷிஃபா ஒரு பெட்டியோடு வந்தாள். குவைத்தில் இருக்கும் அவள் சிறியத்தா அனுப்பிய பேரீச்சம்பழம்.

“மிஸ், குடுக்கட்டுமா?”

“தாராளமா.”

கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்தாள். ஆளுக்கு ஒன்று. தமிழரசன் இரண்டு எடுக்கப் பார்த்தான். “ஒண்ணுதான். கைய எடு” என்றாள். முதல் பெஞ்ச் வரை வந்தாள். கரும்பலகைக்குப் பக்கத்தில் நான் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொள்ள வேண்டுமா என்று ஒரு கணம் யோசித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியை மூடினாள்.

“எல்லாருக்கும் குடுத்தாச்சு மிஸ்” என்றாள்.

வாயில் பழத்தோடு முப்பத்தேழு பேரும் என்னையே பார்த்தார்கள். அவள் பக்கத்தில் உட்காரும் மேகலா மட்டும் மேசைக்கடியில் குனிந்து சிரித்தாள். அவள் முதுகு குலுங்கியது.

இந்தக் காட்சியை நான் கற்பனை செய்திருக்க முடியாது. என் கற்பனைக்குத் தெரிந்தது கண்ணீர் மட்டும்தான். திரும்பிக் கரும்பலகையில் தேதி எழுதும்போது எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு முகமும் சுட்டது. இவ்வளவு கச்சிதமாக ஒரு பாடத்தை நான் இதுவரை நடத்தியதில்லை. நாற்பது நிமிடம் வேண்டியிருக்கவில்லை. கருவி என்று பார்த்தால் ஒரு பெட்டி.

அவளுக்கு நன்றி என்று இங்கே எழுதுகிறேன். நேரில் சொன்னால் கிண்டல் என்று நினைத்துக்கொள்வாள்.

7

இன்று, செவ்வாய், மதிய இடைவேளையில் ராம்கி சொன்னதைச் செய்தேன். ஷிஃபாவை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, கைபேசியில் ஆவணத்தைத் திறந்து கொடுத்தேன்.

“இதுல நீ வர்ற. படிச்சுப் பாரு. பிடிக்கலைன்னா எடுத்துடறேன்.”

“நானா?”

“ஓரத்துல எழுதவும் செய்யலாம். இந்தா, இங்க தொட்டா போதும்.”

நான் பக்கத்தில் இருந்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்கும் என்று டிபன் டப்பாவைக் கழுவப் போனேன். குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. நானும் அவசரப்படவில்லை. திரும்பி வந்தபோது அவள் போயிருந்தாள். கைபேசி மேசையில் இருந்தது. அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்:

[நான் அழல மிஸ்]

[சாஜிதா எங்க மாமி பேரு. படிச்சா சண்டைக்கி வருவாங்க. ஷிஃபான்னு வைங்க. அந்த பேருல எங்க ஊர்ல யாரும் இல்ல]

[ஏன் அழற மாதிரி எழுதுனீங்க?]

மூன்றாவதைப் பல தடவை படித்தேன். ஆறு நாளைக்குப் பிறகு ஒரு ‘ஏன்’. வாயால் இல்லை, வகுப்பில் இல்லை, ஆவணத்தின் ஓரத்தில். இருந்தாலும் ஏன்தான்.

கைபேசிக்குப் பக்கத்தில், கிழித்த நோட்டுக் காகிதத்தில் மடித்து ஒரு பேரீச்சம்பழம் இருந்தது.

வராந்தாவில் போய்ப் பிடித்தேன். “நேத்து மிச்சமானதா?”

“இல்ல மிஸ். உங்களுதுதான். நேத்தே எடுத்து வெச்சிட்டேன்.”

“அப்ப நேத்தே குடுத்திருக்கலாம்ல?”

“நேத்து குடுத்திருந்தா உங்களுக்குப் புரிஞ்சிருக்காது மிஸ்” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

இந்த வரியை நான் சேர்த்தேன் என்று ராம்கி நினைப்பான். சேர்க்கவில்லை. அவள் ஓரக் குறிப்புக்குக் கீழே பதில் எழுதினேன்: [கதை நல்லா இருக்கும்னு நினைச்சேன். தப்பு.] அதை அவள் எப்போது பார்ப்பாள் என்று தெரியாது. அவளிடம் கைபேசி இல்லை.

சாஜிதா என்ற பெயரை எல்லா இடத்திலும் மாற்றினேன். ஐந்தாம் பகுதியில் மட்டும் விட்டிருக்கிறேன். மாமி மன்னிக்க வேண்டும். தவறு நடந்த இடம் தெரிய வேண்டும் என்பதற்காக.

8

இன்று மதியத்துக்குப் பிறகு வகுப்பில் விஷயத்தைப் பொதுவாக வைத்தேன். நாளைக்குக் கடைசிப் பாடம், கணினி அறையில். கணினி பத்துதான். என்ன செய்யலாம்?

“சீட்டுப் போடலாம் மிஸ்.”

“மார்க் படி உக்காரலாம்.” இது தமிழரசன்.

“அப்ப நீ வீட்லயே உக்காரு” என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

மேகலா எழுந்தாள். “மிஸ், எங்க வாய்க்கால்ல தண்ணி கொறைச்சலா வந்தா முறை வைப்பாங்க. அது மாதிரி வைக்கலாம்.”

“எப்படி வைப்பாங்க, சொல்லு.”

“கீழேருந்து ஆரம்பிப்பாங்க மிஸ். மொத முறை கடைமடைக்கு. மேல இருக்கறவங்க மடைய அடைச்சிடணும். கடைமடை பாஞ்சு முடிச்சதும் அதுக்கு மேல இருக்கறவங்க. அப்படியே மேல மேல வரும்.”

“ஏன் கீழேருந்து?” கேட்டது நான். எனக்கு உண்மையிலேயே தெரியாது. நான் மன்னார்குடி டவுனில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தண்ணீர் குழாயில் வரும்.

“மேலேருந்து ஆரம்பிச்சா கீழ வரவே வராது மிஸ். நடுவுலயே தீந்துடும்.”

“நாங்க மடைய அடைச்சிட்டு என்ன பண்றது? கையக் கட்டிட்டு நிக்கணுமா?” என்றான் தமிழரசன்.

“நாங்க புதன்கிழம என்ன பண்ணோம்? டான்ஸா ஆடுனோம்?” என்றாள் மேகலா.

“மிஸ், இவனோட அப்பா வயலு மேல்மடை. முறை வெச்சாலும் ராத்திரில போயி தொறந்து விட்டுக்குவாரு. ஊருக்கே தெரியும்” என்றது கடைசி பெஞ்சில் இன்னொரு குரல்.

வகுப்பு மேசையைத் தட்டிச் சிரித்தது. தமிழரசன் காது சிவந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. இப்போது இவனும் பேசாமல் போய்விட்டால் என்ன செய்வது? ஆனால் அவன் எழுந்து நின்று, “நான் தொறக்க மாட்டேன். சந்தேகமா இருந்தா காவலுக்கு ஆள் போட்டுக்கங்க. ஆனா எங்களுக்கும் முறை வரணும், மணியடிக்கறதுக்குள்ள. போன தடவ மாதிரி ஆகக் கூடாது” என்றான்.

போன தடவை மாதிரி என்று சொல்லும்போது அவன் என்னைப் பார்க்காமல் கடைசி பெஞ்சைப் பார்த்தான். அந்தப் பையனைப் பற்றி நான் நாலாம் பகுதியில் எழுதியது கொஞ்சம் அநியாயம். அவன் சொன்ன டிக்கெட் கிண்டலை விட, அதற்கு நான் சிரித்ததுதான் தவறு. அங்கே போய் ‘லேசாக’ என்ற சொல்லை எடுக்கலாமா என்று பார்த்தேன். விட்டுவிட்டேன். லேசாகத்தான் சிரித்தேன். ஆனால் சிரித்தேன்.

முடிவானது: முதலில் கடைமடை பெஞ்ச் எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு கணினி. மூன்று கேள்வி. அப்புறம் அதற்கு முந்தின பெஞ்சுகள். கடைசியில் தமிழரசன்.

இத்தனை பேச்சு நடந்தபோதும் ஷிஃபா ஒரு வார்த்தை பேசவில்லை. மேகலா அவள் முழங்கையை இடித்தாள். அப்போதும் இல்லை. அவள் பெஞ்சுக்குத்தான் முதல் முறை என்று நான் பலகையில் எழுதியபோது மட்டும் ஜன்னலிலிருந்து கண்ணைத் திருப்பினாள்.

9

இனி சிக்கல்.

என் பாடத்திட்டத்தில் ‘பெயர் பதிவு, 2 நிமிடம்’ என்று இருக்கிறது. நீல மை. கடைமடை பெஞ்ச் பிள்ளைகளில் யாரும் இதற்கு முன் அந்த விசைப்பலகையைத் தொட்டதில்லை. தமிழில் தன் பெயரை அடிக்க ஓர் எழுத்தைத் தேடுவதற்கே நேரமாகும். மேற்பார்வையாளர் மேடத்தின் மதிப்பீட்டில் ‘நேரத்துக்குள் முடித்தாரா’ என்று ஒரு வரி உண்டு.

எனக்கு வழிகாட்டியாக இருக்கும் அறிவியல் ஆசிரியை அகிலாண்டம் டீச்சரிடம் சொன்னேன்.

“ஏம்மா, மேடம் வர்ற அன்னைக்கா இந்த விஷப்பரீட்சை? நல்லா டைப் அடிக்கற புள்ளைங்களா பாத்து முன்னாடி உக்கார வெச்சு மார்க்க வாங்கிட்டுப் போ. முறையெல்லாம் நான் அடுத்த வாரம் வெச்சுக்கறேன்.”

“அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேனே டீச்சர்.”

“அதான் சொல்றேன். நீ இருக்க மாட்ட. மார்க்கு இருக்கும்.” சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து மேசையில் வைத்தார். “இந்தா, இதையும் சேத்துப் பதினொண்ணா வெச்சுக்க. சார்ஜ் போட்டுக்க. நெட்டு வரலைன்னா என்னையக் கேக்காத.”

மாலையில் ராம்கி வேறு ஒரு வழி சொன்னான்.

[ராம்கி: காலைல சீக்கிரம் போய் அந்த எட்டுப் பேர் பேரையும் நீயே அடிச்சு வெச்சிடு. அவங்க உக்காந்ததும் நேரா கேள்வி. எட்டு நிமிடம் மிச்சம்.]

நல்ல யோசனை. ‘சரி’ என்றுகூடப் பதில் எழுதினேன். பிறகு அந்தச் ‘சரி’யை எடுத்தேன்.

இந்த மாலை வகுப்பின் முதல் நாள் நினைவுக்கு வந்தது. இதே வினாடி வினாச் செயலியைத்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாரும் பெயரை அடித்துத் திரையில் வந்துவிட்டார்கள். என் பெயர் நீளம். ‘ஸ்வ’ எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அழித்து அழித்து அடித்தேன். பாடம் எடுத்த கமருன்னிஸா மேடம் திரைக்குப் பக்கத்தில் நின்றார். ‘சுருக்கமா பிரகதின்னு அடிங்களேன்’ என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் வந்து அடித்துக் கொடுத்திருக்கலாம். எதுவும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் என் முழுப் பெயரும் திரையில் வந்தபோது, “ம், ஆரம்பிக்கலாம்” என்றார். அவ்வளவுதான். அவர் அன்று பேசாமல் இருந்ததற்கு நான் இதுவரை நன்றி சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவரும் படிப்பார். மேடம், நன்றி.

இதை இணையக் கருவிகளைக் குறை சொல்லும் கதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விதை முளைப்பதை ஒரு நிமிடப் படமாக ஓடவிட்டபோது முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ‘ஹோ’ என்றதை நான் கேட்டிருக்கிறேன். அந்தத் திரை ‘எல்லாரும்’ என்று சொல்லாமல் இருந்திருந்தால், அந்த எட்டுப் பேர் பின்னால் நிற்பதை நான் பயிற்சி முடியும் வரை பார்க்காமலே இருந்திருப்பேன். அது தனக்குத் தெரிந்தவர்களை எண்ணியது. அதற்குத் தெரியாதவர்களை எண்ண வேண்டியது நான்.

நாளைக்கான மூன்று கேள்விகளில் மூன்றாவதாக ஷிஃபா கேட்டதையே போட நினைத்தேன். நுண்ணுயிரிகளுக்கு நம்மைத் தெரியுமா? செயலி சேமிக்க மறுத்துவிட்டது. சரியான விடை எது என்று குறித்தால்தான் சேமிக்குமாம். எனக்கே தெரியாது. சரி, அது கரும்பலகைக்கு.

10

எழுதிப் பார்த்த முடிவுகள்:

முதலாவது. ஷிஃபா தன் பெயரை அடிக்கிறாள். திரையில் வருகிறது. அவள் எழுந்து, “ஏன் மிஸ்” என்று ஆரம்பிக்கிறாள். பின்னால் மேற்பார்வையாளர் மேடம் புன்னகை—

(மேடத்தைப் புன்னகைக்க வைக்க எனக்கு என்ன உரிமை? நிறுத்திவிட்டேன்.)

இரண்டாவது. நெட் வரவில்லை. பத்துக் கணினியும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லாரும் சமமாகிவிடுகிறார்கள். நான் சாக்பீஸை எடுத்து—

(இது தப்பித்தல். நெட் வந்தாலும் நான் சரியாக நடக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.)

மூன்றாவது. எல்லாம் நன்றாக நடக்கிறது. முறை கீழிருந்து மேலே வருகிறது. தமிழரசன் மடையைத் திறக்காமல் காத்திருக்கிறான். நேரம் தாண்டுகிறது, மதிப்பெண் குறைகிறது. ஷிஃபா மூன்று கேள்விக்கும் பதில் அழுத்துகிறாள். ஆனால் எதையும் கேட்கவில்லை. மணியடிக்கிறது. நான் பஸ் ஏறுகிறேன்.

இதை அழிக்கப் பார்த்தேன். முடியவில்லை. இப்படியும் நடக்கலாம். ஒரு நாள் முதலில் விட்டதற்காக ஒரு பிள்ளை தன் கேள்வியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் இல்லை. அவளுக்குக் கேட்கத் தோன்றும்போது கேட்பாள். அப்போது அதைக் காதில் வாங்க நான் அங்கே இல்லாமல் போகலாம். வேறு யாராவது இருப்பார்கள். அவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.

நான் எழுதிக்கொண்டிருப்பது செவ்வாய்க்கிழமை மாலை. வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். ராம்கி வாசலில் நின்று ஹெல்மெட்டைத் தட்டிக் கூப்பிடுகிறான். முடிவு என்னிடம் இல்லை. நாளை மூன்றாம் பீரியடில் இருக்கிறது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், ஓரம் திறந்தே இருக்கிறது. ஆனால் எழுதுவதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அழ வைத்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

மூன்றாவது தலைப்பு, ‘என்ன கற்றேன்’, இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதை நாளைக்குப் பிறகு பார்க்கலாம்.

11

நாளை, புதன்:

முதல் பஸ்ஸில் போக வேண்டும். அலுவலகத்தில் கணினி அறைச் சாவி. அகிலாண்டம் டீச்சரின் டேப்லெட்டுக்குச் சார்ஜ். சாக்பீஸ் இரண்டு.

பாடத்திட்டத்தில் ‘2 நிமிடம்’ என்பதை அடித்துவிட வேண்டும். பதிலுக்கு எதுவும் எழுத வேண்டாம்.

கடைமடை பெஞ்ச் முதலில். பெயர்களை நான் அடித்து வைக்கக் கூடாது. எட்டுப் பேரும் தங்கள் பெயரை அடித்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.